சுரத்தை வளைத்தவர்கள்

பெல்ஜியம்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கிய சாக்ஸபோன், ராணுவ பேண்டுகளோடு நாடு நாடாகப் போனது. பொத்தானை அழுத்தினால் கணக்கான சுரம் வரும். அணிவகுப்புக்கு அது போதும். அதை இழைக்கவும் வளைக்கவும் அழவைக்கவும் செய்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள்.

ஜான் கோல்ட்ரேன் 1961-ல் வெளியிட்ட 'ஆப்பிரிக்கா/பிராஸ்' இசைத்தட்டில் மூன்றே உருப்படிகள். ஒரு பக்கம் முழுக்க 'ஆப்பிரிக்கா'தான். பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் அடிநாதம் அசையாமல் கிடக்க, எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் பொங்கும். கடைசி உருப்படி ப்ளூஸ். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் கிளப் ஒன்றில் 'இந்தியா' என்றே ஒன்றை வாசித்துப் பதிவு செய்தார். 1965-ல் பிறந்த மகனுக்கு, ரவிசங்கர் மேலிருந்த மதிப்பில், ரவி என்று பெயர் வைத்தார்.

இந்தப் பக்கம் தட்சிண கன்னடத்தில், நாகசுர வித்வான் தனியப்பாவின் மகன் கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிவிட்டார். பொத்தான் கருவியில் கமகம் பேசுமா? உதட்டையும் மூச்சையும் பழக்கி, பல வருடம் பாடுபட்டுப் பேச வைத்தார். சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணன் பட்டை தீட்டினார். பொட்டிபுரம், போடி பக்கம் இவர் பெயரை அறியாதவர்களுக்கும் வாசிப்பு தெரிந்திருக்கும். 1994-ல் வந்த 'டூயட்' படத்தில் பிரபு வாயில் வைத்து நடித்தது இவர் வாசிப்பைத்தானே! ஏலத்தோட்ட ஜீப்பிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் ஏறிய நாதம் அது.

அமெரிக்காவில் ஜாஸ் படித்துக்கொண்டிருந்த ருத்ரேஷ் மகந்தப்பாவுக்கு, கோபால்நாத்தின் ஒலிப்பதிவை அண்ணன் வேடிக்கையாகத்தான் பரிசளித்தார். கேட்டவருக்கு வேடிக்கை விலகிவிட்டது. தேடிப்போய்ச் சேர்ந்தார். 2008-ல் 'கின்ஸ்மென்' ஆல்பம் பிறந்தது. பெயருக்கு உறவுக்காரர்கள் என்று பொருள். கன்யாகுமாரியின் வயலின், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், ரெஸ் அப்பாஸியின் கிடார் எல்லாம் உண்டு.

கலவை இசை என்ற பெயரில் வருவதில் பாதிக்குமேல் எனக்கு ஒட்டுவதில்லை. ஒருவர் வாசிக்க மற்றவர் தலையாட்டுவார். இதில் இரண்டு ஆல்ட்டோ சாக்ஸபோன்களும் மல்லுக்கு நிற்கின்றன. ருத்ரேஷின் நாதம் கூர்மை. கோபால்நாத்தினுடையதில் அப்பாவின் நாகசுரம் கேட்கிறது.

கோபால்நாத் 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார். 'டூயட்' மட்டும் கேட்டவர்கள், 'ஆப்பிரிக்கா'வை முதலிலும் 'கின்ஸ்மென்'னை அடுத்தும் ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள்.