மிஸ்ஸியம்மாவும் காலில் இருந்த மச்சமும்

சென்ற வாரம் தொலைக்காட்சியில் 'மிஸ்ஸியம்மா' போட்டார்கள். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து பார்த்த படம். இந்தத் தடவையும் நானும் என் மனைவியும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

1955 பொங்கலுக்கு வந்த படம் இது. நாகிரெட்டி - சக்ரபாணியின் விஜயா தயாரிப்பு, இயக்கம் எல்.வி.பிரசாத். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். தெலுங்கில் என்.டி.ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன். இரண்டிலும் நாயகி சாவித்திரி. 1953-ல் 'மனம்போல் மாங்கல்யம்' படத்தில் ரசிகர்களுக்குப் பிடித்துப்போன ஜெமினி - சாவித்திரி ஜோடி, இதில் மீண்டும் சேர்ந்தது.

ஆனால் முதலில் மேரியாக நடிக்க இருந்தவர் பானுமதி. சில ரீல்கள் எடுத்த பிறகு அவருக்கும் சக்ரபாணிக்கும் மனத்தாங்கல் வந்து, அவர் விலக நேர்ந்தது. இரண்டாம் நாயகியாக இருந்த சாவித்திரி மேரியானார்; அவர் இடத்துக்கு ஜமுனா வந்தார்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பட்டதாரித் தம்பதிக்கு மட்டுமே ஆசிரியர் வேலை என்று ஒரு ஜமீன்தார் விளம்பரம் கொடுக்கிறார். வேலையில்லாத பாலுவும், கடன் தொல்லையில் இருக்கும் கிறிஸ்தவப் பெண் மேரியும் கணவன் மனைவியாக நடித்து வேலையில் சேர்கிறார்கள். ஜமீன்தாராக வரும் ரங்காராவ் பாசம் காட்டக் காட்ட, இவர்களுக்குச் சங்கடம் கூடுகிறது. பாலு எதையும் சிரித்துச் சமாளிக்கிறான். மேரிக்கோ மூக்கின் மேல் கோபம். கொஞ்சிக் குலாவும் காட்சி ஏறக்குறைய இல்லாமலே இது காதல் படமாகிவிட்டது. ஜமுனாவுக்குப் பாலு பாட்டுச் சொல்லித் தரும்போது சாவித்திரியின் முகத்தைக் கவனியுங்கள். அந்தப் பொறாமைக்கு வசனமே தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெமினியும் சாவித்திரியும் 1952-லேயே ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டவர்கள் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. ஆகவே, கல்யாணம் ஆகாமல் ஆனதுபோல் திரையில் நடித்தவர்கள், கல்யாணம் ஆகியும் ஆகாததுபோல் வெளியில் நடித்துக்கொண்டிருந்தார்கள்!

எல்லாம் சரி, முடிவில்தான் எனக்கு மனக்குறை. காலில் உள்ள மச்சத்தை வைத்து, மேரி ஜமீன்தாரின் காணாமல்போன மகள் மகாலட்சுமி என்று தெரிந்துவிடுகிறது. பிறப்பால் இந்து, சிக்கல் தீர்ந்தது, கல்யாணம் நடந்தது. மேரி மேரியாகவே இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்குப் படம் பதில் சொல்லவில்லை. மேரியைக் கேலிப்பொருளாக்காமல் மரியாதையோடு காட்டியதே அன்றைக்குப் பெரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், கிறிஸ்தவ ஆசிரியை ஒருவரை விரும்பினார். இரண்டு வீட்டிலும் சம்மதிக்கவில்லை. அந்த அம்மாள் மாற்றல் வாங்கிக்கொண்டு வெளியூர் போய்விட்டார். நண்பர் கடைசிவரை தனியாகவே இருந்தார். 'மிஸ்ஸியம்மா' அவருக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் அந்த மச்சம் தெரிகிற கட்டம் வருவதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விடுவார்.