வாசல் விளக்கை அணைக்காமல் மின்பட்டியலைக் குறைக்கலாம்

கிளிநொச்சியில் என் பெரியம்மா வீட்டு வாசல் விளக்கு இரவு முழுவதும் எரியும். 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட மகன் எந்நேரம் வந்தாலும் வாசல் தெரிய வேண்டும் என்பார். மின்கட்டணம் கூடிய பிறகு வீட்டுக்குள் விளக்குகளை அணைத்துவிட்டு அரை இருட்டில் சமைத்தார். பேத்தி வாசல் வெளிச்சத்தில் இருந்து படித்தாள். அந்த விளக்கை அணைக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. பட்டியலை எடுத்துக் கணக்குப் பார்த்தோம்.

1000 வொட் ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஓர் அலகு. வாசலில் இருந்தது 60 வொட் குண்டு மின்குமிழ். நாளுக்கு 12 மணித்தியாலப்படி 30 நாள்களுக்கு 21.6 அலகு. ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வொட் எல்.ஈ.டி. மின்குமிழுக்கு 3.24 அலகு போதும். மாதம் 18 அலகு மிச்சம்.

இந்த 18 அலகு ஏன் முக்கியம்? மாதம் 60 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே கூடிய விலை அறவிடப்படுகிறது. நிலையான கட்டணமும் உயர்கிறது. பெரியம்மாவின் பட்டியல் 74 அலகு. வாசல் மின்குமிழை மாற்றி, சமையலறையிலும் ஓர் எல்.ஈ.டி. எரிய விட்ட பிறகு 58.

உங்கள் வீட்டிலும் இப்படிச் செய்யலாம்:

• எல்லா மின்குமிழ்களையும் ஒரே நேரத்தில் மாற்றக் காசில்லாவிட்டால், அதிக நேரம் எரிவதை முதலில் மாற்றுங்கள்.

• வாங்கும்போது வொட்டை மட்டும் பார்க்காமல் லுமனையும் பாருங்கள். 60 வொட் குண்டு மின்குமிழுக்கு ஈடு ஏறத்தாழ 800 லுமன்.

• உத்தரவாதம் உள்ளதை வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

• படிக்கும் பிள்ளைக்கு மேசைக்கு அருகில் சிறு விளக்கு ஒன்று போதும். பிள்ளையை இருட்டில் விட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

• வாரம் ஒருமுறை மின்மானியைப் பார்த்துக் குறித்து வையுங்கள். 14 அலகைத் தாண்டினால் மாதம் 60 ஐத் தாண்டக்கூடும்.

ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து வாழ்ந்த எங்களுக்குச் சிக்கனம் புதிதல்ல. எதை அணைப்பது, எதை மாற்றுவது என்று தெரிந்தால் போதும். பெரியம்மா வீட்டு வாசல் விளக்கு இன்றும் எரிகிறது.