ஐரோப்பாவின் மதச் சண்டை யாழ்ப்பாணத்துக்கு வந்த கதை

பள்ளிக்கூடத்தில் ஐரோப்பிய வரலாறு படித்தவர்களுக்குச் சில ஆண்டுகள் மனப்பாடமாக இருக்கும். 1517-ல் மார்ட்டின் லூதர், 1555-ல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர். ஐந்து மதிப்பெண் கேள்விக்காகப் படித்து, தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடும் பாடம் இது. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் எங்கோ போட்டுக்கொண்ட சண்டைக்கும், கடலையே பார்க்காத தருமபுரிக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சண்டை கப்பல் ஏறி, தமிழ் பேசும் மண்ணுக்கே வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் சாதாரண மக்கள் எந்தச் சாமியைக் கும்பிடலாம், யாரிடம் ஞானஸ்நானம் வாங்கலாம் என்பதை லிஸ்பனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்தவர்கள் முடிவு செய்யப் பார்த்தார்கள். அது என்ன ஆனது என்பதே இந்தக் கட்டுரை.

அரசனின் மதமே குடிகளின் மதம்

முதலில் ஐரோப்பாவைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லூதர் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்தால் கிறிஸ்தவ சபை உடைந்தது. பல அரசர்களுக்கு இது ஒரு வாய்ப்பாகவும் இருந்தது. போப்பாண்டவரின் பிடியில் இருந்து விலகினால் சபையின் நிலமும் வருமானமும் அரசன் கைக்கு வரும். 1555-ல் ஜெர்மனியில் செய்துகொண்ட ஆக்ஸ்பர்க் உடன்படிக்கையின் சாரம் ஒரே வரிதான்: எந்த நாட்டை யார் ஆள்கிறாரோ அவர் மதமே அந்த நாட்டின் மதம். பிடிக்காதவர்கள் வேறு நாட்டுக்குப் போகலாம்.

டச்சுக்காரர்கள் கத்தோலிக்க ஸ்பெயினை எதிர்த்து 1568 முதல் 1648 வரை போராடினார்கள். கால்வின் வழிவந்த சீர்திருத்த சபை அவர்களுடைய விடுதலைப் போரின் அடையாளமாக ஆனது. 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் ஸ்பெயின் அரசரின் கீழ் இருந்ததால், போர்த்துக்கீசியர்களும் டச்சுக்காரர்களுக்கு எதிரிகள் ஆனார்கள். 1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டபோது அதற்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. ஒன்று மிளகு, ஏலம், கறுவா வியாபாரம். இன்னொன்று, எதிரியின் பணப்பெட்டியை ஆசியாவிலேயே உடைப்பது.

முத்துக்குளித்துறையும் மன்னாரும்

அதற்கு முன்பே போர்த்துக்கீசியர்கள் இங்கே வந்துவிட்டார்கள். முத்துக்குளிப்பில் ஏற்பட்ட தகராறில் பரதவர்களுக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது. அவர்களின் தலைவர்கள் கொச்சிக்குப் போய் போர்த்துக்கீசியரிடம் உதவி கேட்டார்கள். 1535 முதல் 1537 வரை சுமார் 20 ஆயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுக்கு வேதம் கற்றுக்கொடுக்க பிரான்சிஸ் சவேரியார் வந்தது 1542-ல்தான். அதாவது முதலில் அரசியல் உடன்பாடு, பிறகுதான் வேதபாடம்!

இதன் எதிரொலி கடலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. மன்னாரில் மதம் மாறியவர்கள் மீது யாழ்ப்பாண அரசர் சங்கிலி 1544-ல் படை எடுத்து வந்தார். 600-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சங்கிலியின் பயம் வெறும் மதப் பயம் மட்டுமல்ல. மதம் மாறியவன் போர்த்துக்கீசிய அரசரின் ஆளாகிவிடுவான், வரியும் விசுவாசமும் அங்கே போய்விடும் என்பதே பெரிய பயம். அந்தப் பயத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் செத்தவர்கள் அரசியல்வாதிகள் இல்லை, கடலோரத்து ஏழைகள்.

1560-ல் போர்த்துக்கீசியர்கள் மன்னாரைப் பிடித்தார்கள். 1619-ல் யாழ்ப்பாண ராஜ்யமே விழுந்தது. கடைசி அரசர் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். 1621-ல் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர் கந்தசுவாமி கோயிலை இடித்தார். 1620-களிலேயே திருகோணமலை கோணேசர் கோயிலும் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டை கட்டப் போயின. ஊருக்கு ஊர் மாதாகோயில்கள் எழுந்தன.

1658: இரண்டாவது மாற்றம்

அடுத்த தலைமுறை வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்ப் பழகியபோது மறுபடியும் எல்லாம் மாறியது. கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன் 1638-ல் டச்சுக்காரர்களோடு ஒப்பந்தம் செய்தார். போர்த்துக்கீசியர்களை விரட்ட அவருக்குத் துணை தேவைப்பட்டது. 1656-ல் கொழும்பு விழுந்தது. 1658 தொடக்கத்தில் மன்னாரும், மூன்று மாதத்துக்கும் மேல் முற்றுகைக்குப் பிறகு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தன.

கத்தோலிக்கப் பாதிரியார்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று டச்சு அரசு அறிவித்தது. மாதாகோயில்களில் இருந்த சுரூபங்கள் எடுக்கப்பட்டு, அதே கட்டடங்கள் சீர்திருத்த சபையின் கோயில்களாக ஆயின. முன்னால் முருகனை விட்டு மாதாவிடம் வரச் சொன்னார்கள். இப்போது மாதாவையும் விடச் சொன்னார்கள்!

இங்கே ஒரு வேடிக்கை. அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர்கள் வீட்டு மாடிகளில் ரகசியக் கோயில் வைத்து வழிபட்டார்கள். அதிகாரிகளுக்குத் தெரியும், கண்டும் காணாமல் விட்டார்கள். சொந்த ஊரில் காட்டிய தாராளம் யாழ்ப்பாணத்தில் இல்லை. காரணம், இங்கே கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கீசியரின் உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள்.

தோம்பில் எழுதிய மதம்

டச்சுக்காரர்கள் வியாபாரிகள். கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்கள். நிலத்துக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தோம்பு என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்தார்கள். பிறப்பும் ஞானஸ்நானமும் கல்யாணமும் பள்ளித் தோம்பில் பதியப்பட்டன. சீர்திருத்த சபையில் பதிந்த கல்யாணமே சட்டப்படி செல்லும். அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கே சொத்துரிமை உறுதி. அரசு உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் அபராதம்.

ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலையில் இருந்து யோசித்தால் இது எவ்வளவு கொடுமை என்று புரியும். தாத்தா காலத்து வயல் பிள்ளைக்குப் போக வேண்டும். அதற்குக் கல்யாணம் தோம்பில் ஏற வேண்டும். அதற்கு, மனதில் இல்லாத ஒரு நம்பிக்கையை வாயால் சொல்ல வேண்டும். பலர் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் 1658 முதல் 1665 வரை இருந்த டச்சுப் பாதிரியார் பிலிப்புஸ் பால்தேயுஸ் காலத்திலேயே பதிவான கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை 60 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது லட்சத்தையும் தாண்டிவிட்டது. கம்பெனியின் பேரேட்டில் இது பெரிய வெற்றி. பகலில் தோம்பில் பெயர் கொடுத்துவிட்டு, வீட்டில் திருநீறு பூசியவர்களும் ஜெபமாலை உருட்டியவர்களும் எத்தனை பேர் என்பதற்குத்தான் பதிவேடு இல்லை.

தூத்துக்குடியில் ஏன் முடியவில்லை?

தூத்துக்குடியும் 1658-ல்தான் டச்சுக்காரர் கைக்கு வந்தது. அங்கும் கோயில்களைப் பிடுங்கினார்கள், பாதிரியார்களை விரட்டினார்கள். பால்தேயுஸ் நேரில் போய்ப் பிரசங்கமும் செய்து பார்த்தார். பரதவர்கள் அசையவில்லை. கத்தோலிக்கர்களாகவே இருந்தார்கள். 1713-ல் தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குப் புதிய கோயிலும் எழுந்தது.

டச்சுக்காரர் அதே கம்பெனி, அதே சட்டம், அதே பாதிரியார். ஏன் இந்த வித்தியாசம்? இரண்டு காரணங்கள். ஒன்று, அந்தக் கரையின் அரசர் மதுரை நாயக்கர், கம்பெனி இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்ததைப் போல நிலமும் நீதிமன்றமும் கம்பெனி கையில் இல்லை. இரண்டாவது, முத்து. கடலில் மூச்சடக்கி இறங்கப் பரதவர்கள் வேண்டும். அவர்கள் கோபித்துக்கொண்டு வேறு கரைக்குப் போய்விட்டால் முத்துக்குளிப்பே நின்றுவிடும். லாபம் குறையும் என்று தெரிந்த இடத்தில் மத வைராக்கியம் கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

பிச்சைக்காரர் வேடத்தில் ஒரு பாதிரியார்

1687-ல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற கொங்கணிப் பாதிரியார் பிச்சைக்காரர் போல வேடமிட்டு யாழ்ப்பாணம் வந்தார். ஏறக்குறைய 30 ஆண்டுகளாகப் பாதிரியாரே இல்லாத ஊர். கழுத்தில் ஒரு ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்து, மறைந்திருந்த கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தார். சில்லாலை கிராமத்து மக்கள் அவரை மறைத்து வைத்தார்கள். பூசைகள் இரவில் நடந்தன.

1689 கிறிஸ்துமஸ் இரவில் டச்சு வீரர்கள் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர்கள் கூடிய வீடுகளுக்குள் புகுந்து பலரைப் பிடித்தார்கள். வாஸ் தப்பிவிட்டார். பிடிபட்டவர்களுக்குச் சவுக்கடியும் அபராதமும் சிறையும் கிடைத்தன. இரண்டு பக்கமும் கும்பிட்டது ஒரே ஏசுவை. பிறந்த நாள் கொண்டாடியதும் அவருக்குத்தான்.

புத்த அரசர் கொடுத்த அடைக்கலம்

அதன் பிறகு வாஸ் கண்டி ராஜ்யத்துக்குப் போனார். அங்கே அவரை போர்த்துக்கீசிய உளவாளி என்று அரசரிடம் சொல்லிக்கொடுத்தவர், அரண்மனையில் இருந்த ஒரு பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு. பிரான்சின் மதச் சண்டை கண்டி மலைக்கே வந்துவிட்டது! வாஸ் சிறையில் அடைக்கப்பட்டார். ஆனால் புத்த மதத்தவரான அரசர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவர் உளவாளி இல்லை என்று கண்டுகொண்டு நடமாட விட்டார். கோயில் கட்டவும் அனுமதித்தார். 1697-ல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, ஓடிப்போகாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்களில் வாஸும் ஒருவர். 1711-ல் கண்டியிலேயே இறந்தார். 2015-ல் போப் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார்.

புத்த அரசர்கள் எல்லாரும் தாராளமானவர்கள் என்று இதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. விமலதர்மசூரியன் காலத்தில் கத்தோலிக்கர்களுக்குப் பின்னால் எந்தப் படையும் இல்லை, அதனால் அவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 1740-களில், மதுரையில் இருந்து வந்த நாயக்கர் வம்சத்தின் முதல் கண்டி அரசரான ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் அதே கண்டியில் பாதிரியார்கள் விரட்டப்பட்டார்கள், கோயில்கள் அழிக்கப்பட்டன. வெளியில் இருந்து வந்த அரசர், தான் புத்த மதத்தின் காவலன் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆள்பவருக்குத் தேவைப்படும்போது கதவு திறக்கிறது, தேவைப்படும்போது மூடுகிறது.

கடைசியில் மிஞ்சியது

1796-ல் ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களை வெளியேற்றினார்கள். 1806-ல் கத்தோலிக்கர்கள் மீதிருந்த தடைகள் நீக்கப்பட்டன. உத்தியோகத்துக்கும் சொத்துக்கும் ஞானஸ்நானம் தேவையில்லை என்று ஆனவுடன், தோம்பில் இருந்த அந்த லட்சக்கணக்கான சீர்திருத்த சபைக் கிறிஸ்தவர்கள் சில ஆண்டுகளில் காணாமல் போனார்கள். நல்லூர்க் கோயிலோ டச்சுக்காரர் ஆட்சி முடிவதற்கு முன்பே, 18-ம் நூற்றாண்டில், மறுபடியும் எழுந்துவிட்டது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இரவில் கூடிய கத்தோலிக்கர்கள் இன்றும் சில்லாலையில் இருக்கிறார்கள்.

பேரேட்டில் வரவு எழுதிவிட்டால் மட்டும் பெட்டியில் பணம் இருந்துவிடாது. டச்சுக் கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும், மதக் கணக்கில் மட்டும் மறந்துபோனார்கள். சங்கிலியின் வாளும், ஒலிவேராவின் கடப்பாரையும், கம்பெனியின் தோம்பும் மூன்று விதமான வழிகள். மூன்றும் மக்களைப் பயமுறுத்தின, சிலரைக் கொன்றன, பலரைப் பொய் சொல்ல வைத்தன. அந்த மக்கள் வீட்டுக்குள் யாரைக் கும்பிட்டார்கள் என்பதை மட்டும் மூன்றாலும் முடிவு செய்ய முடியவில்லை.