இறுக்க மட்டுமே தெரிந்த பிரேக்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

1902-ல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு இன்று நாம் அறிந்த வடிவத்தைக் கொடுத்தார். சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம், அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. மிதித்தால் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்தும். 1921-ல் டூசன்பெர்க் கம்பெனி நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்துக் கார் விற்றது. அந்த முறைக்கு அடிகோலியவர் மால்கம் லாக்ஹீட். லாக்ஹீட் விமானக் கம்பெனியைத் தொடங்கிய ஆலனின் அண்ணன் இவர்தான்.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. லைனிங் தேயத் தேய, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும், பெடல் தாழும். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை காருக்கடியில் படுத்து, ஷூக்களுக்கு நடுவே இருக்கும் நட்சத்திரச் சக்கரத்தைப் பல் பல்லாகத் திருப்பி இறுக்க வேண்டும். யார் செய்வார்? பெடல் தரையைத் தொடும்வரை ஓட்டிவிட்டு, அவசரத்தில் மிதித்தபோது வண்டி நிற்காமல் போனவர்கள் உண்டு.

மனிதன் மறப்பதை இயந்திரமே செய்யட்டும் என்று ஸ்டூடிபேக்கர் தன் 1947 மாடலில் தானே சரிசெய்துகொள்ளும் பிரேக்கைக் கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து, 1957 செப்டம்பர் 4 அன்று ஃபோர்டு வெளியிட்ட எட்சல் காரிலும் அது வந்தது. எட்சல் 1959 நவம்பரில் நிறுத்தப்பட்டது. பெயரே தோல்விக்கு உவமையாகிவிட்டது, பாவம். ஆனால் அதன் பிரேக் தோற்கவில்லை. 1960-களில் மற்ற அமெரிக்கக் கார்களுக்கும் பரவியது.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் 1958 எட்சல் ஒன்று வைத்திருக்கிறார். காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, சக்கரம் கொதிக்கிறது என்று எழுதியிருந்தார். இதைச் சாதாரணமாக விடக்கூடாது. சூடு ஏறினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். அப்புறம் மிதித்தால் பெடல் பஞ்சுபோல இறங்கும், வண்டி நிற்காது.

அந்தக் காரில் ரிவர்ஸ் போகும்போது பிரேக் மிதித்தால், டிரம் ஷூவைச் சற்று நகர்த்தும். அப்போது ஒரு கேபிள் நெம்புகோலை இழுக்கும். தேய்மானம் போதிய அளவு இருந்தால் அது நட்சத்திரச் சக்கரத்தை ஒரு பல் திருப்பும். இறுக்கும் திசையில் மட்டும். தளர்த்த அதற்குத் தெரியாது.

எட்டாம் வகுப்பில் குண்டும் வளையமும் வைத்து ஒரு சோதனை காட்டுவேனே, நினைவிருக்கிறதா? வளையத்தைச் சூடாக்கினால் துளை பெரிதாகும். டிரம்மும் ஒரு வளையம்தான். மலைச்சாலையில் இறங்கி வந்த சூட்டில் ரிவர்ஸ் எடுத்து மிதித்தால், விரிந்த டிரம்மைத் தேய்மானம் என்று எண்ணி நெம்புகோல் ஒரு பல் இறுக்கிவிடும். ஆறியதும் டிரம் சுருங்கும், ஷூ உரசும். உரசலில் மறுபடி சூடு, மறுபடி ஒரு பல்!

ஆனாலும் எடுத்த எடுப்பில் இதன்மேல் பழி போடாதீர்கள். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, பிரேக்கை மிதித்து விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிடித்தால் வீல் சிலிண்டரின் பிளீடரைச் சற்றுத் திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. ஒரே ஒரு முன்சக்கரம் என்றால் அதன் ரப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். வெளியே புதிதுபோல இருக்கும், உள்ளே ஊதி, போன ஆயிலைத் திரும்ப விடாது. நான்கும் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டர், அல்லது பெடல் தண்டுக்கு விளையாட்டு இடைவெளி இல்லை. பின்னிரண்டு மட்டும் என்றால் பின் ஹோஸையும் துருவேறிய ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள்.

பிளீடரைத் திறந்தும் விடவில்லையா? அப்போதுதான் டிரம்முக்குள் வேலை. ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஷூ உரசும் மேடுகளில் பள்ளம் விழுந்திருக்கலாம். ஷூ மிகையாக இறுகியிருந்தால், பின்தட்டின் துளை வழியே மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகோலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பல்லைத் திருப்பித் தளர்த்த வேண்டும். தள்ளாமல் பலவந்தம் செய்தால் பல் மழுங்கும்.

இடது வலது உறுப்புகளை மாற்றிப் போடுபவர்களும் உண்டு. இரண்டின் மரையும் எதிரெதிர். மாற்றினால் இறுகுவதற்குப் பதில் தளரும், பெடல் தாழும். அது வேறு நோய்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.