மல்லாட்டைத் தோலுக்கு வந்த விலை

அவலூர்பேட்டையில் குளிருக்காக வீட்டைச் சூடாக்கியவர் யாரும் இல்லை. மார்கழிப் பனிக்கு எங்களுக்கு ஒரு தவலை வெந்நீர் போதும். ஆனால் அந்த வெந்நீருக்கு எரிக்க நல்ல விறகு இந்தப் பக்கத்து ஏழை வீடுகளுக்குக் கிடைத்ததே இல்லை.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அப்புறம் பல காலம் எஞ்சின்கள் விறகைத்தான் தின்றன. கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகியதும் அந்தப் பசியால்தான். 1882ல் சென்னை வனச் சட்டம் வந்து காடுகள் 'ரிசர்வ்' ஆயின. கொடுவாளோடு காட்டுக்குப் போவது குற்றமாகிவிட்டது. மிஞ்சியது வறட்டி, சுள்ளி, பிற்பாடு ஏரியெல்லாம் பரவிய வேலிகாத்தான் முள். தலைச்சுமையாக அதைத் தூக்கி வந்தவர்கள் பெண்கள்.

பிறகு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. காயின் எடையில் ஏறத்தாழ முப்பது சதம் தோல். அது மட்டும் ஊரிலேயே கிடந்தது, கேட்பாரில்லாமல்.

அதை என் ஆயா விடமாட்டார். பழைய எண்ணெய் டின்னின் அடிப்பக்கம் ஒரு ஓட்டை போட்டிருப்பார். ஓட்டை வழியாக ஒரு கட்டையைப் படுக்க வைத்து, அதன் முனையில் இன்னொரு கட்டையை நட்டமாக நிறுத்துவார். சுற்றிலும் மரத்தூளையும் நொறுக்கிய தோலையும் கொட்டி, முட்டியால் குத்திக் குத்தி இறுக்குவார். தளர்ந்தால் சரிந்து அணைந்துவிடும். கட்டைகளை மெதுவாகத் திருகி உருவினால் காற்றுக்கு வழி. கீழே ஒரு காகிதம் கொளுத்தினால் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும்.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் குளிர்கால வீடுகளுக்கு வந்த, மரத்தூளை அழுத்திய சிறு கட்டிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பும் இதே இறுக்கத்தைத்தான் நம்புகிறது. பச்சை விறகில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கும். அதை ஆவியாக்கவே தீ செலவாகிவிடும், மிச்சம் புகை. பெல்லட்டில் ஈரம் பத்து சதத்துக்கும் கீழே. பசை வேண்டாம், அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்திலுள்ள லிக்னின் இளகித் தூளைத் தானே ஒட்டிவிடும். ஆனால் அந்த அடுப்புக்கு மின்சாரம் வேண்டும், ஆயாவின் டின்னுக்கு வேண்டாம்.

இன்று மல்லாட்டைத் தோலையும் எந்திரம் கட்டியாக அழுத்துகிறது. ஆலைக் கொதிகலன்கள் அதை எரிக்கின்றன. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு பெல்லட்டையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் கொள்கை வகுத்தது. தோலுக்கு விலை வந்தது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சும்மா கிடந்ததை முறத்தில் அள்ளிப்போன வீடுகளுக்கு அது கைநழுவிப் போகிறது.

கேஸ் வந்ததே என்பீர்கள். 2006 தேர்தலுக்குப் பின் மாநில அரசின் இலவச அடுப்பு வந்தது, 2016ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் வந்தது. இரண்டும் பெண்களின் நெஞ்சைப் புகையிலிருந்து காத்தன. அதற்கு நான் கும்பிடு போடுவேன். ஆனாலும் சிலிண்டரைச் சிக்கனம் பிடிக்கிற வீட்டில் குளிக்கிற வெந்நீருக்குக் கொல்லையில் முள்ளுதான் எரிகிறது. தோலைக் கட்டியாக்கும் ஆலைகள் கொதிகலனுக்கு அனுப்புவதில் நாலு மூட்டையைச் சந்தைக்கடையிலும் இறக்கட்டும். கிலோக் கணக்கில் கொடுத்தால் வாங்குவார்கள்.