மூக்குப் புற்றுநோய்: சிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டியவை

பேட்மிண்டன் வீரர் டத்தோ லீ சோங் வெய்க்கு 2018-இல் மூக்குப் புற்றுநோய் வந்தது ஞாபகம் இருக்கா? தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, தைவானில் சிகிச்சை பெற்று மீண்டார். ஆனாலும் 2019 ஜூனில் ஓய்வை அறிவித்தார். நோய் போனாலும் உடம்பு பழையபடி ஆகிவிடும் என்று சொல்ல முடியாது.

இது வெளியே தெரியும் மூக்கில் வருவதில்லை. மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டிய தொண்டையின் மேல்பகுதியில் வருகிறது. முக்கிய நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நெருக்கமாகப் போகும் இடம் என்பதால் அறுவை சிகிச்சை கஷ்டம். கதிர்வீச்சுதான் முதல் சிகிச்சை. நோய் பரவியிருந்தால் கீமோவும் சேரும்.

மலேசியாவில் சீனர்களிடம் இது அதிகம், இந்தியர்களிடம் குறைவு. (நம்மவர்களிடம் அதிகம் காணப்படுவது, வெற்றிலைப் பாக்கோடு தொடர்புடைய வாய்ப் புற்றுநோய்.) குறைவு என்பதாலேயே சந்தேகம் வருவதில்லை. ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைப்பு, சளியில் ரத்தம், கழுத்தில் வலிக்காத கட்டி, இரட்டைப் பார்வை இருந்தால் கிளினிக் கெசிஹாத்தானில் ஈ.என்.டி. நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்க.

முதல் நிலையில் பிடித்தால், நவீன கதிர்வீச்சு பெறும் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். மண்டையோட்டு எலும்பைத் தொட்டுவிட்டால் வாய்ப்பு குறையும், ஆனால் அப்போதும் குணப்படுத்தவே சிகிச்சை தருவார்கள்.

35 நாள், யார் கூட்டிப்போவது?

கதிர்வீச்சு வழக்கமாக 33 முதல் 35 முறை. வாரம் 5 நாள், ஏறக்குறைய 7 வாரம். தஞ்சோங் காராங் மருத்துவமனையில் அந்த வசதி இல்லை. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தாத்தா, கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ புத்ராஜெயாவில் உள்ள தேசிய புற்றுநோய்க் கழகத்துக்கோ தினமும் போய் வரணும். பாதி வழியில் வாய் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காது. "போதும்பா" என்று நிறுத்தத் தோன்றுவது அப்போதுதான். இடையில் நாட்கள் விட்டுப்போனால் பலன் குறையும். அதனால் போக்குவரத்து, தங்குமிடம் பற்றி மருத்துவமனையின் சமூகநலப் பிரிவிடம் முதல் வாரத்துக்கு முன்பே பேசிடுங்க.

அதுக்கப்புறம்?

உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்படும். வறண்ட சோறு, ரொட்டி சானாய், காரக் குழம்பு எல்லாமே போராட்டம். உமிழ்நீர்ச் சுரப்பியைத் தவிர்த்துக் கதிரைச் செலுத்தும் ஐ.எம்.ஆர்.டி. முறை இதில் பெரிய வித்தியாசம் தருகிறது. தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2011-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஓராண்டுக்குப் பின் மிதமான அல்லது கடுமையான வாய் வறட்சி பழைய முறையில் 74 விழுக்காடு, ஐ.எம்.ஆர்.டி.யில் 38 விழுக்காடு. எந்த முறை என்று கேட்பதில் தப்பே இல்லை.

சொத்தைப் பல் இருந்தால் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கணும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். வாய் திறப்பதும் சுருங்கும் என்பதால் தாடைப் பயிற்சியைத் தினமும் செய்யணும், வலிக்குதுன்னு விட்டுடக்கூடாது. காது கேட்பதையும் சோதிக்கணும்.

ஒன்றிரண்டு வருடம் கழித்து தாத்தா எந்நேரமும் சோர்ந்து படுத்தே கிடந்தால், வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. கதிர்வீச்சு தைராய்டையும் பாதித்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியும், மாத்திரையில் சரிசெய்யலாம்.