உழவர் குழு ஆவணங்களுக்கு ஒரு சேமிப்புப் பெட்டி: அமைப்பதும் கண்காணிப்பதும்

இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என சிப்காட் பூங்காக்கள் சூழ்ந்த ஊர்களில் விவசாயம் செய்பவர்களுக்கு நிலம் போலவே ஆவணமும் சொத்து. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி நிலத்துக்கு மட்டுமல்ல, அதிலுள்ள மரம், கிணறு, நிற்கும் பயிர் ஆகியவற்றுக்கும் மதிப்பு கணக்கிட வேண்டும். அப்போது தேதியுடன் கூடிய படமும் பதிவும் கையில் இருந்தால் உங்கள் கோரிக்கைக்கு வலு கூடும். பயிர்க் காப்பீடு, வங்கிக் கடன் ஆகியவற்றுக்கும் இவை உதவும்.

இவை யாரோ ஒருவரின் செல்போனில் மட்டும் இருந்தால், போன் பழுதானதும் பதிவும் போய்விடும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ குழுவாகவோ இருப்பவர்கள் 'நாஸ்' எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி ஒன்றை அலுவலகத்தில் வைக்கலாம்.

எதை முதலில் சேமிப்பது?

பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை அரசின் இணையதளத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் சென்ற பருவத்தில் எடுத்த பயிர்ப் படம், கிணற்று நீர்மட்டக் குறிப்பு, நெல் கொள்முதல் ரசீது, உர ரசீது போன்றவற்றைத் தொலைத்தால் திரும்பப் பெறுவது கடினம். இவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். கிரயப் பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்தாலும் அசல் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு இடம் தேவை?

செல்போன் படம் ஒன்று சுமார் 4 எம்.பி. 500 உறுப்பினர்கள் பருவத்துக்கு 10 படம் வீதம் ஆண்டுக்கு மூன்று பருவம் அனுப்பினால் 15,000 படங்கள், அதாவது சுமார் 60 ஜி.பி. ஆகவே 2 டி.பி. ஹார்டு டிஸ்க் பல ஆண்டுகளுக்குப் போதும்.

அமைக்கும் முறை

1. இரண்டு டிஸ்க் பொருத்தும் பெட்டியும், தொடர்ந்து இயங்குவதற்கென்றே தயாரிக்கப்படும் 2 டி.பி. டிஸ்க் இரண்டும் வாங்குங்கள்.
2. 'ரெய்டு 1' முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பதிவு இரண்டு டிஸ்கிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். பயன்படும் இடம் 2 டி.பி. மட்டுமே.
3. பெட்டியை ரவுட்டருடன் கேபிள் மூலம் இணையுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் அலுவலகக் கணினிகளில் இது இயங்கும்.
4. எர்த் உள்ள பிளக், யு.பி.எஸ். இரண்டும் அவசியம். மின்சாரம் போனால் பெட்டி தானாக முறையாக அணையும்படி யு.பி.எஸ்.ஸை அதனுடன் இணைத்துவிடுங்கள்.
5. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். அழிக்கும் உரிமை இருவருக்கு மட்டும் போதும். ஆதார், வங்கிப் புத்தக நகல்களைத் தனி ஃபோல்டரில் பூட்டி வையுங்கள்.
6. வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக நேரடியாகத் திறக்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

இரண்டு டிஸ்க் இருந்தால் மட்டும் போதாது

தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அழியும். வைரஸ், திருட்டு, வெள்ளம் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். 2015 டிசம்பரில் அடையாற்றுப் படுகையில் வரதராஜபுரம், முடிச்சூர் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எனவே பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரமான அலமாரியில், காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை தனி வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அதை வேறு ஊரில் உள்ள நிர்வாகி வீட்டில் வையுங்கள். இதற்கு இரண்டு வெளி டிஸ்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், எப்போதும் ஒன்று வெளியூரில் இருக்கும்.

கண்காணிப்பு அட்டவணை

தினமும்: விளக்குகளைப் பாருங்கள். வழக்கமான நிறம் மாறினாலோ 'பீப்' சத்தம் வந்தாலோ உடனே கவனியுங்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் இருவருக்குப் போகும்படி அமைத்து வையுங்கள்.

வாரம் ஒருமுறை: நகல் முழுமையாக முடிந்ததா, டிஸ்க் வெப்பம் தொடர்ந்து 50 டிகிரியைத் தாண்டுகிறதா, இடம் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பியதா என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

மாதம் ஒருமுறை: டிஸ்க் நலப் பரிசோதனையை ஓட்டுங்கள். பழுதான பகுதிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்ற வேண்டிய நேரம் இது. வெளி டிஸ்கிலிருந்து ஏதாவது ஐந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

டிஸ்க் பழுதானால்

முதலில் வெளி டிஸ்கில் புதிய நகல் எடுங்கள். பிறகு எந்த டிஸ்க் பழுது என்பதைத் திரையில் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து அதை மட்டும் கழற்றுங்கள். நல்ல டிஸ்கைக் கழற்றிவிட்டால் உள்ளதும் போய்விடும். புதிய டிஸ்க் அதே அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பதிவுகள் அதில் எழுதி முடியச் சில மணி நேரம் ஆகும். அதுவரை பெட்டியை அணைக்காதீர்கள்.

இந்த வேலைகளுக்குக் குழுவில் இரண்டு பேரைப் பொறுப்பாக்கி, பாஸ்வேர்டை உறையில் இட்டுப் பீரோவில் வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. இந்தப் பருவப் பயிர்ப் படங்களிலிருந்தே தொடங்குங்கள்.